கொல்லை மாடியேறிய கதை

பங்குனி பாதி தாண்டினால் மயிலாப்பூர் மாட வீதிகளில் பருவம் கூடையேறி வந்துவிடும். முதலில் மாவடு, உருண்டை தனி, நீளம் தனி. பிறகு குண்டுமல்லி, குளிர்காலத்தில் கைக்கெட்டாமல் இருந்த விலை மெல்ல இறங்கும். சித்திரைப் பிறப்புக்கு முந்தின நாள் வேப்பம்பூவைக் கொத்தோடு விற்பார்கள். மறுநாள் பச்சடிக்கு வேண்டுமே. இந்த மூன்றையும் இவ்வட்டாரத்துப் பழைய குடும்பங்கள் ஒரு காலத்தில் காசு கொடுத்து வாங்கியதில்லை. வடுவுக்குக் கொல்லையில் ஒரு மாமரம், பூவுக்கு வாசலில் ஒரு மல்லிப் பந்தல், பச்சடிக்குத் தெருமுனை வேம்பு என்று எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

இன்று அதே தெருக்களில் நாலாவது மாடிக்கு மேலே ஏறிப் பார்த்தால் பச்சை நிழல் வலைக்கு அடியில் வெண்டையும் கத்தரியும் பாகலும் காய்த்துக்கொண்டிருக்கின்றன. தோட்டமே போய்விட்டது என்று புலம்புகிறவர்களும் உண்டு, மாடியில் திரும்ப வந்துவிட்டது என்று பூரிக்கிறவர்களும் உண்டு. ஆளுக்குப் பாதி உண்மை. எது வந்தது, எது வரவில்லை என்பதைச் செடிகளைவிட அவற்றைத் தேடி வருகிற உயிர்கள்தான் சரியாகச் சொல்லும்.

அன்று: இடம் இருந்தது

தென்சென்னையின் தோட்டக் கதையை வழக்கமாகத் துரைமார்களிடமிருந்து தொடங்குவார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கோட்டையை விட்டு வெளியே வந்த கம்பெனி அதிகாரிகள் அடையாற்றங்கரை வரை ஏக்கர் கணக்கில் வளைத்துத் தோட்ட வீடுகள் கட்டினார்கள். டி.டி.கே. சாலைக்கு முன்பு பெயர் கொடுத்த மௌப்ரேயின் வீடு இன்று மெட்ராஸ் கிளப். ப்ரோடி கட்டிய மாளிகை 'தென்றல்' என்று பெயர் மாறி இசைக் கல்லூரியானது. அந்தத் தோட்டங்களுக்கு விதையும் நாற்றும் அறிவும் தரவென்று 1835இல் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் கதீட்ரல் சாலையில் வந்து அமைந்தது.

ஆனால் இந்த ஊரின் பச்சைக்குக் காரணம் துரைமார் மட்டுமில்லை. நடுத்தரக் குடும்பங்களின் கொல்லைப்புறங்கள்தான் அதில் பெரும்பங்கு. மயிலாப்பூரில் கோயிலைச் சுற்றிய வீடுகள் அகலம் குறைந்து நீளம் கூடியவை. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுக்களை, அதற்கப்பால் கிணறு, துவைக்கிற கல், கொல்லை. அடுக்களைக் கழனித் தண்ணீரும் குளிக்கிற தண்ணீரும் வாழைக்குப் பாயும். இரண்டு தென்னை, ஒரு மா, ஒரு முருங்கை, கறிவேப்பிலை, நார்த்தை, ஓரத்தில் செம்பருத்தியும் நந்தியாவட்டையும். யாரும் இதைத் தோட்டக்கலை என்று நினைக்கவில்லை. வீடு என்றால் அப்படி என்று இருந்தது.

தியாகராய நகர் இன்னொரு விதம். 1923 முதல் மாம்பலம் ஏரியை வடித்து, அந்தப் படுகையில் தெருக்களும் பூங்காக்களும் வகுத்து உருவாக்கிய நகர் அது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை என்று ஒரு பெயர் மட்டும் இன்றும் ஏரியைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நாலு பக்கமும் இடம் விட்டுக் கட்டிய தனி வீடுகள்; காம்பவுண்டை ஒட்டி மாமரம், வாசலில் போகன்வில்லா வளைவு. அடையாற்றில் காந்தி நகர் போன்ற குடியிருப்புகள் சுதந்திரத்துக்குப் பிறகு வந்தவை. ஆற்றோரத்து மணற்பாங்கான மண்ணில் தென்னை தழைத்தது. ரோஜா வேண்டுமென்றால் செம்மண் வண்டி அடித்தார்கள்.

இந்தக் கொல்லைகளின் உயிர்களைப் பற்றி எழுத ஒரு ஆள் மயிலாப்பூரிலேயே இருந்தார். மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்தவர். அவர் சிறுவனாக இருந்தபோது மயிலாப்பூர்ப் பக்கமே புதர்க்காடாக இருந்தது, நரி திரிந்தது. எட்வர்ட் எலியட்ஸ் ரோடு, அதாவது இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில் அவர்கள் வீடு. யானையையும் புலியையும் தேடிக் காடு காடாக அலைந்தவர்தான் என்றாலும், 1950 முதல் 1996இல் இறக்கும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் எழுதிய பத்தியில் காக்கைக்கும் அணிலுக்கும் ஓணானுக்கும் அதே மரியாதை கொடுத்தார். தமிழில் அவர் எழுதியவற்றை சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்திருக்கிறார். வீட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்தே இயற்கையியல் படிக்கலாம் என்பதற்கு இந்த ஊர் கொடுத்த சாட்சி அவர்.

அந்தக் கொல்லையின் முன்கோடை எப்படி இருந்தது? மாசியில் மாம்பூ. பங்குனியில் வடு உதிரும். காற்றடித்த மறுநாள் காலையில் குழந்தைகள் ஆளுக்கொரு டம்ளரோடு பொறுக்கப் போவார்கள். வேம்பு பூத்தால் அடியில் பழைய வேட்டியை விரித்துவிட்டுப் படுக்கப் போவார்கள். விடிந்ததும் பூவைப் புடைத்துக் காய வைத்தால் வருஷத்துக்கு ரசம். குயில் ஆண் விடியலுக்கு முன்பே தொண்டையைத் திறக்கும், ஏனென்றால் காக்கைகள் கூடு கட்டத் தொடங்குகிற காலம் அது. நடு மத்தியானத்தில் எல்லாப் பறவையும் அடங்கிய பிறகு செம்மார்புக் குக்குறுவான் மட்டும் 'டொக், டொக்' என்று விடாமல் தட்டிக்கொண்டிருக்கும். மாடியில் வடாம் காய, கோலும் கையுமாக ஒரு பாட்டி, எதிரே அணில்.

அந்தக் கொல்லையில் ஒரு பட்டுப்போன தென்னை இருந்தால் போதும், அது ஒரு குடித்தனக் கட்டடம். முதலில் பொன்முதுகு மரங்கொத்தி வந்து பொந்து குடையும். அது காலி செய்த பொந்தில் மைனா. மைனா போனால் பச்சைக்கிளி. அதற்குப் பிறகு புள்ளி ஆந்தை ஜோடி. இரவில் எலிக்கும் கரப்பானுக்கும் அதுதான் காவல். முருங்கையின் காய்ந்த கிளை மெத்தென்று இருப்பதால் குக்குறுவான் அதில் துளை போடும். கிணற்றடி ஈரத்தில் தேரை, துவைக்கிற கல்லுக்கு அடியில் மரவட்டை, வேலியில் கீரி, எப்போதாவது சாரைப் பாம்பு. மண்ணிலும் மரத்திலும் இடம் கிடந்தது. யாரும் அழைக்காமலே வந்தன.

இரக்கம் இருந்ததா?

இங்கே ஒரு கணக்கைச் சரியாகப் போட வேண்டும். அன்றைய கொல்லைகளுக்கு இடம் தாராளம். மனசு அவ்வளவு தாராளமில்லை. ஓணானைக் கண்டால் கல்லெடுக்காத பையன் அபூர்வம். அணிலுக்குக் கவண். பாம்பு எதுவானாலும் தடி. திண்ணையில் கூண்டுக்குள் ஒரு கிளி இருப்பது சாதாரணம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகும் அந்த வழக்கம் நெடுநாள் விடவில்லை. செடிக்கு எறும்பு வந்தால், பூச்சி வந்தால், கமாக்சின் பொடியை ஒரு பழைய துணியில் முடிந்து தட்டினார்கள். அதே கையால் கீரை பறித்தார்கள். கமாக்சின் என்ற பெயரில் விற்ற பி.எச்.சி. நஞ்சு இந்தியாவில் தடையானது 1997இல்தான். கம்பளிப் புழுவை எரித்தார்கள், வண்ணத்துப்பூச்சியின் புழுவையும் சேர்த்தே நசுக்கினார்கள். இரண்டுக்கும் வேறுபாடு தெரிந்தவர்கள் குறைவு. பூச்சியும் பறவையும் அந்தக் காலத்தில் பிழைத்திருந்தன என்றால் அது நம் கருணையால் வந்ததில்லை, பக்கத்துக் கொல்லையில் மிச்சமிருந்ததால் வந்தது.

இடையில்: ஒரு கிரவுண்டு

ஒரு கிரவுண்டு என்பது 2400 சதுர அடி. அதில் ஒரு குடும்பம் ஆயிரம் சதுர அடியில் வீடு கட்டி மிச்சத்தை மண்ணாக விட்டது ஒரு காலம். எழுபதுகளுக்குப் பிறகு அதே மனையில் அடுக்ககம் எழும்பத் தொடங்கியது. அண்ணன் தம்பிக்குப் பாகம் பிரிக்க வேண்டும், பிள்ளைகள் வெளிநாட்டில், பழைய வீட்டுக்குப் பராமரிப்பு கட்டவில்லை, காரணங்கள் நியாயமானவையே. பில்டரிடம் இடத்தைக் கொடுத்துவிட்டு இரண்டு ஃபிளாட் வாங்கிக்கொண்டார்கள். 2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்றன. ஒரு கிரவுண்டில் 4800 சதுர அடி.

விதிப்படி சுற்றிலும் விட வேண்டிய சில அடி மண் அப்போதும் மிஞ்சியிருந்தது. அதையும் நாம்தான் மூடினோம். கார் நிறுத்த வேண்டும், சேறு கூடாது, கரையான் வரும், பாம்பு வரும் என்று ஓர் அங்குலம் விடாமல் சிமென்ட் அல்லது பேவர் பிளாக். கிணற்றுக்கு மூடி போட்டு மேலே டைல்ஸ். 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமான பிறகு ஒரு குழாயும் குழியும் வந்தன. ஆனால் மரத்துக்கு வேர் விட இடம் வரவில்லை. மிஞ்சிய பெரிய மரங்களில் பலவற்றை 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சாய்த்தது. சிமென்டால் கழுத்து வரை இறுக்கிய மரங்கள் வேரோடு பெயர்ந்து விழுந்ததை இந்த வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். விழுந்த இடங்களில் பலவற்றில் மறுபடி மரம் வைக்கவில்லை; பிளாக் போட்டு முடித்தார்கள்.

இன்று: மாடியில் மண்

மாடித் தோட்டம் இந்த வெற்றிடத்தில்தான் முளைத்தது. 2013-14இல் மாநிலத் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் ஒரு தொகுப்பு கொடுக்கத் தொடங்கியது: பைகள், தென்னை நார்க்கழிவுக் கட்டிகள், காய்கறி விதைகள், உயிர் உரம். அதே காலத்தில் இயற்கை வேளாண்மையை வலியுறுத்திய நம்மாழ்வாரின் பேச்சு நகரத்து அடுக்களைக்குள்ளும் எட்டியிருந்தது. விஷமில்லாத கீரை வேண்டும் என்று தொடங்கியவர்கள் ஏராளம். இன்று மந்தைவெளியிலும் மேற்கு மாம்பலத்திலும் சாஸ்திரி நகரிலும் பஞ்சகவ்யம், மீன் அமிலம், மோர்க்கரைசல், மூடாக்கு என்ற சொற்களை வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் சரளமாகப் பேசுகிறார்கள்.

மாடியில் தோட்டம் போடுவது கொல்லையில் போடுவதைவிடக் கடினம். கொல்லையில் மாமரம் தன்னைத் தானே பார்த்துக்கொண்டது. மாடியில் செடியின் வேருக்கு ஓரடி ஆழம்தான். தளத்தின் சூடு கீழிருந்து ஏறும், வெயில் மேலிருந்து இறங்கும். பங்குனியும் சித்திரையின் முதல் பாதியும்தான் மாடித் தோட்டத்தின் பொற்காலம். தை மாசியில் போட்ட வெண்டை நாள் தவறாமல் காய்க்கும், பாகல் பந்தலேறும், குண்டுமல்லி, முன்னரே கவாத்து செய்திருந்தால், சாயங்காலம் கை நிறைய மொட்டு கொடுக்கும். மத்தியானம் கடல்காற்று இறங்கினால் செடிகள் நிமிரும். காற்று பின்தங்கினால் துவளும். மே முதல் வாரத்தில் கத்திரி தொடங்கிவிட்டால் பாதிப் பைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நிழல் வலையைக் கட்டி, மிச்சத்தைக் காப்பாற்றினால் போதும் என்று ஆகிவிடும். ஆடிப்பட்டம் வரைக்கும் பொறுமை.

தண்ணீருக்கும் கணக்கு. 2019 கோடையில் ஏரிகள் வற்றி லாரிக்குக் குடத்தோடு நின்ற நாட்களில், அரிசி கழுவிய தண்ணீரையும் ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரையும் பிடித்து வைத்துத்தான் பல மாடிகள் பிழைத்தன. அந்தப் பழக்கம் பலரிடம் இன்றும் தொடர்கிறது.

இத்தனை பாடுபட்டு வளர்ப்பதாலோ என்னவோ, இன்றைய தோட்டக்காரர்களுக்குச் செடியின் மேல் வந்து உட்காருகிற ஒவ்வொன்றும் யார் என்று தெரிந்துகொள்ள ஆசை. எங்கள் அடுக்ககத்து மாடியில் ஒரு மாமி கறிவேப்பிலையை இரண்டு தொட்டிகளில் வைத்திருக்கிறார். ஒன்று சமையலுக்கு. இன்னொன்று எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சிக்கு.

அந்தப் பெண் பூச்சி தளிரைத் தேடி வந்து, காலால் தொட்டுப் பார்த்து, ஒவ்வொன்றாக முட்டை வைக்கும். கடுகைவிடச் சிறியது, வெளிர்மஞ்சள். சில நாளில் வெளியே வருகிற புழு பழுப்பும் வெள்ளையுமாக, பார்த்தால் பறவை எச்சம் என்றே தோன்றும். அதனால் சின்னானும் தையல்சிட்டும் ஏமாந்து போகும். நாலு தடவை தோலுரித்த பிறகு இலைப் பச்சை. அப்போது விரலால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த இரட்டைக் கொம்பை நீட்டும். நார்த்தை வாடை குப்பென்று அடிக்கும். வளர்ந்த நாலு புழு சேர்ந்தால் ஒரு தொட்டியை மொட்டையாக்கிவிடும். பிறகு காம்பில் ஒரு நூலால் தன்னைத் தானே கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். ஒரு வாரம் பத்து நாளில், பெரும்பாலும் காலை வேளையில், கசங்கிய ஈரச் சிறகோடு வெளியே வந்து, சிறகு விறைக்கும் வரை தொங்கிக்கொண்டிருந்துவிட்டுக் கறுப்பில் மஞ்சள் புள்ளியோடு பறந்துபோகும்.

"மாமி, ரெண்டு ஆர்க்கு கறிவேப்பிலை எடுத்துக்கட்டுமா?" என்று கீழ்வீட்டுப் பெண் கேட்டால், "அந்தத் தொட்டில எடுத்துக்கோ. இதுல புழு சாப்பிட்டிண்டிருக்கு" என்று பதில் வரும். கமாக்சின் மூட்டை தட்டிய தலைமுறையின் மகள்தான் அவர்.

தேன்சிட்டு இன்னும் துணிச்சல். ஊதாப்பிட்டுத் தேன்சிட்டின் பெண் சிலந்தி நூலால் நாரையும் மரப்பட்டைத் துணுக்கையும் ஒட்டிப் பை போலக் கூடு கட்டி, வாசலுக்கு மேல் சிறு தாழ்வாரமும் வைக்கும். அதைத் துணி காயப்போடுகிற கம்பியில், பால்கனி மணியில், விளக்கு வயரில்கூடத் தொங்கவிடுகிறது. இரண்டு முட்டை, பொரித்துப் பறக்கும் வரை ஒரு மாதம் ஓடிவிடும். அதுவரை அந்தக் கம்பியில் துணி போடாமல் விட்டு, வேலைக்கு வருகிற அக்காவிடமும் சொல்லி வைக்கிற வீடுகள் இந்த வட்டாரத்தில் பல உண்டு. பூசணிக்குக் கையால் மகரந்தம் தொட்டு வைத்தவர்கள், கொசுத்தேனீ மாடிக்கு வந்த பிறகு அந்த வேலையை அதனிடமே விட்டுவிட்டார்கள்.

வந்தவை, வராதவை

ஆக, இன்று இரக்கம் இருக்கிறது, இடம் இல்லை. இது உயிர்களின் பட்டியலிலேயே தெரிகிறது. மாடிக்கு வந்தவை எல்லாம் பறக்கத் தெரிந்தவை, அல்லது சுவரேறத் தெரிந்தவை: தேன்சிட்டு, சின்னான், தையல்சிட்டு, வண்ணத்துப்பூச்சிகள், தேனீ, அணில். கூப்பிடாமலே கூட்டமாக வந்தது மாடப்புறா. முளைவிட்ட விதையைக் கிண்டிவிட்டு ஏ.சி. பெட்டிக்குப் பின்னால் முட்டையிடுகிறது. காக்கை இருப்பதால் குயிலுக்கும் குறைவில்லை.

வராதவை இரண்டு வகை. ஒன்று, மண்ணை நம்பியவை: தேரை, கீரி, சாரை, மண்ணைக் கிளறி இரை தேடுகிற பறவைகள். இன்னொன்று, முதிர்ந்த மரத்தை நம்பியவை: மரங்கொத்தி, பொந்துக் கிளி, புள்ளி ஆந்தை. எத்தனை பை வைத்தாலும் நாலாவது மாடியில் தேரை குடியேறாது. பட்டுப்போன தென்னையைப் பையில் வளர்க்க முடியாது. சிட்டுக்குருவிக்கோ ஓட்டு வீட்டு இடுக்கும் முற்றமும் அரிசி புடைக்கிற முறமும் சேர்ந்தே போய்விட்டன.

மாடிக்கு வருகிற பறவைகளுக்கும் தாய்வீடு வேறெங்கோ இருக்கிறது. 1882இல் அடையாற்றுக்கு வந்த பிரம்மஞான சபையின் தோப்பு, 1978இல் தேசியப் பூங்காவான கிண்டிக் காடு, குப்பை மேடாகக் கிடந்து 2011இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்த அடையாற்றுக் கழிமுகம். இந்த மூன்றும்தான் இவ்வட்டாரத்து வீடுகளுக்கு உயிர்களை அனுப்பிக்கொண்டிருக்கின்றன. ஐப்பசிவாக்கில் வடக்கேயிருந்து களைத்து வந்து நம் பால்கனியில் விழுகிற ஆறுமணிக்குருவி குளிர்காலம் முழுவதும் அந்தத் தோப்புகளின் சருகில்தான் மேய்கிறது. சித்திரையில் வடக்கே திரும்புகிறது. பூங்காவுக்கும் மாடிக்கும் இடையே அது இறங்கி நிற்க முன்பு ஆயிரம் கொல்லைகள் இருந்தன. இப்போது நடுவில் பேவர் பிளாக்.

இனி

மாடித் தோட்டம் நல்லது. அதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் இழந்த கொல்லைக்கு அது ஈடு என்று நினைத்தால் ஏமாந்து போவோம். மாடியில் நாம் கற்றுக்கொண்ட பொறுமையையும் பூச்சியோடு பங்கு போட்டுக்கொள்கிற குணத்தையும் தரைக்கு இறக்கிக் கொண்டுவர வேண்டும். அதற்குப் பெரிய செலவில்லை.

உங்கள் அடுக்ககத்தின் அடுத்த கூட்டத்தில் பெயின்ட் பற்றியும் லிஃப்ட் பற்றியும் பேசி முடித்த பிறகு இதையும் எடுங்கள். சுற்றுச்சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு பிளாக்கைப் பெயர்த்து மண்ணைத் திறந்து விடுங்கள். அதில் குறுகிய இடத்துக்கு ஒத்துப்போகிற நம்மூர் மரம் ஏதாவது ஒன்று வையுங்கள்: முருங்கை, கறிவேப்பிலை, நார்த்தை, நெல்லி, கொஞ்சம் கூடுதலாக இடமிருந்தால் புங்கம் அல்லது மகிழம். ஏற்கெனவே நிற்கிற மரத்தின் கழுத்தைச் சுற்றி மூன்றடிக்கு சிமென்டை உடைத்துவிடுங்கள்; வர்தா கற்றுக்கொடுத்த பாடம் அது. உதிர்ந்த சருகைக் குப்பை வண்டியில் ஏற்றாமல் அங்கேயே மூடாக்காகப் போடுங்கள். மின்கம்பிக்காகக் கிளை கழிக்க வேண்டுமானால் கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டுக் கழியுங்கள். பங்குனி முதல் ஆடி வரை தள்ளிப்போட முடிந்தால் இன்னும் நல்லது. பறவைக்கு வைக்கிற தண்ணீர்த் தட்டையும் தொட்டிக்கு அடியிலிருக்கும் தட்டையும் மூன்று நாளுக்கு ஒரு முறை கவிழ்த்துக் கழுவுங்கள். இல்லாவிட்டால் குருவிக்கு முன்னால் டெங்குக் கொசு குடிவரும்.

ஒரு தெருவில் பத்து அடுக்ககங்கள் ஆளுக்கு இரண்டடி மண்ணைத் திறந்தால் மயிலாப்பூரில் ஒரு பழைய கொல்லை அளவுக்கு இடம் கிடைத்துவிடும். மாடிக்கு ஏற முடியாத உயிர்களுக்கு அது போதும். இந்தப் பங்குனிக்குள் கூட்டத்தில் பேசிவிடுங்கள். ஆடியில் கன்று வைக்க மண் தயாராக இருக்கட்டும்.